பாயின் நோட்டுக் கணக்கு

கத்திரி வெயில் தொடங்கிய வாரம் ராணிப்பேட்டையிலிருந்து போன் வந்தது. தோல் ஷாப்பில் அளவு மிஷினுக்குப் பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் காலையிலிருந்து ஆன் ஆகவில்லை என்றார்கள். திருவலம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்துப் போய்ப் பார்த்தேன். மதர்போர்டு போய்விட்டது. ஹார்ட் டிஸ்க் மட்டும் பிழைத்திருந்தது. அந்த ஷெட்டின் தூசியிலும் ஈரத்திலும் அது இத்தனை வருஷம் ஓடியதே பெரிது.

"பெரிய பொட்டியெல்லாம் வேணாம்மா. செவுத்துல மாட்டுற மாதிரி சின்னதா ஏதாவது போட்டுக் குடு" என்றார் முதலாளி. ராஸ்பெர்ரி பை போடலாம் என்று முடிவானது. உள்ளங்கை அளவுப் பலகையிலேயே முழு கம்ப்யூட்டர், தூசி போகாத ஒரு டப்பா, அவ்வளவுதான்.

அதில் ஓட வேண்டிய நிரல் நான் எழுதியது. கல்லூரி முடித்த மறு வருஷம், 2007இல், சி மொழியில் எழுதினேன். தோலைச் சதுர அடிக் கணக்கில்தான் விற்பார்கள். அளவு மிஷினில் இந்தப் பக்கம் தோலை விரித்து விட்டால் அந்தப் பக்கம் வருவதற்குள் அதன் பரப்பு எண்ணாகத் தெரியும். கால் சதுர அடி வரைக்கும் கணக்கு உண்டு. அந்த எண் சீரியல் கேபிள் வழியாக என் நிரலுக்கு வரும். நிரல் லாட் வாரியாகக் கூட்டிச் சீட்டு அடிக்கும். சாயந்திரம் 'நாள் முடிவு' என்று அழுத்தினால் அன்றைய கோப்பைப் பென் டிரைவில் பிரதி எடுத்துக் கொடுக்கும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதைப் படித்துக் கணக்கில் ஏற்ற இன்னொரு சின்ன நிரல் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து நாலாயிரம் வரிக்குக் கொஞ்சம் குறைவு.

கடைசியாக அதை கம்பைல் செய்தது, அதாவது எழுதிய வரிகளைக் கம்ப்யூட்டர் ஓட்டும் வடிவத்துக்கு மாற்றியது, 2019 நவம்பரில். வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது சீட்டின் தலைப்பில் இருந்த 'வேலூர் மாவட்டம்' என்பதை 'ராணிப்பேட்டை மாவட்டம்' என்று மாற்ற வேண்டியிருந்தது. முகவரியை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருந்ததால் ஒரு சொல்லை மாற்ற முழு நிரலையும் திரும்ப பில்ட் செய்தேன். அப்போதும் விண்டோஸ்தான், அதே பழைய கம்பைலர்தான். வேறு எந்த மேடையிலும் அந்த மூலநிரல் கால் வைத்ததில்லை.

முதலில் காட்பாடி வீட்டில் என் லேப்டாப்பில், லினக்ஸ் வகையான உபுண்டுவில் முயன்றேன். நிரலை பில்ட் செய்து தரும் மேக் என்ற கட்டளையை அடித்ததும் முதல் வரியிலேயே 'மிஸ்ஸிங் செபரேட்டர்' என்றது. அது படிக்கும் குறிப்புக் கோப்பான மேக்ஃபைலில் கட்டளை வரி டேப் குறியோடுதான் தொடங்க வேண்டும். ஏதோ ஒரு காலத்தில் மெயிலில் எனக்கே அனுப்பி வைத்துக்கொண்ட பிரதி அது. வழியில் டேப் எல்லாம் வெறும் இடைவெளிகளாகிவிட்டன. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். 1976இல் பெல் லேப்ஸில் மேக்கை எழுதிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் இந்த டேப் தொல்லையைச் சீக்கிரமே உணர்ந்தார். அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கியிருந்ததால் அவர்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று மாற்றாமல் விட்டார். அந்தப் பத்துப் பேருக்காக விட்டது இன்றைக்குக் காட்பாடி வரை வந்து நிற்கிறது.

டேப்பைச் சரிசெய்ததும், செயற்கூறுகளை அறிவிக்கும் தலைப்புக் கோப்புகள் கிடைக்கவில்லை என்றது. ஒரு கோப்பின் பெயரைப் பெரிய எழுத்தில் வைத்துவிட்டு நிரலுக்குள் சிறிய எழுத்தில் அழைத்திருந்தேன். விண்டோஸ் அதைப் பொருட்படுத்தாது. லினக்ஸுக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். அடுத்து கோனியோ, திரையையும் விசைப்பலகையையும் கையாளும் பழைய தலைப்புக் கோப்பு. வேலூரில் நான் படித்த லேபில் எல்லா கம்ப்யூட்டரிலும் டர்போ சி கம்பைலர்தான். அந்த நீலத் திரையில் கற்றுக்கொண்ட எவருக்கும் கோனியோவைச் சேர்க்காமல், ஒரு விசையை அழுத்தும் வரை காத்திருக்கும் கெட்ச் போட்டு நிறுத்தாமல் நிரல் எழுத வராது. லினக்ஸில் கோனியோவே கிடையாது. திரைக்கான பகுதியை மட்டும் தனிக் கோப்பாகப் பிரித்து, இங்கே என்கர்ஸஸ் என்ற நூலகம் வைத்து எழுதினேன். அதற்கும் நூலகம் மட்டும் இருந்தால் போதாது. டெபியன், உபுண்டு வகைகளில் தலைப்புக் கோப்புகள் 'டெவ்' என்று முடியும் தனிப் பொதியில் இருக்கும். புதிதாக வருபவர்கள் பாதிப் பேர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

கணித நூலகத்தின் பெயரைக் கட்டளையின் முன்னால் போட்டால், நிரலோடு நூலகங்களைக் கோக்கும் இணைப்பி கண்டுகொள்ளாது, கடைசியில் போட வேண்டும் என்பது தெரிந்ததுதான். ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

பில்ட் ஆனது, ஓடியது. சரி, பழைய கோப்பு ஒன்றைத் திறந்து பார்ப்போம் என்று ஷெட் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்கை யூஎஸ்பியில் மாட்டினேன். இருப்பதிலேயே சின்னதாக, 40 தோல் மட்டும் அளந்த ஒரு அரைநாள் கோப்பை எடுத்தேன். 40 பதிவு வர வேண்டிய இடத்தில் 20 வந்தது. எண்களெல்லாம் கன்னாபின்னா. ஒரு லாட் எண் கோடிக் கணக்கில் இருந்தது.

இதன் காரணம் தெரிந்தபோது தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு தோலுக்கும் ஒரு பதிவு. அதில் லாட் எண்ணை 'லாங்' என்றும் பரப்பை 'இன்ட்' என்றும் இரண்டு முழு எண் வகைகளாக அறிவித்து, இரண்டும் சேர்ந்த தொகுப்பை, அதாவது ஸ்ட்ரக்டை, அப்படியே கோப்பில் கொட்டியிருந்தேன். விண்டோஸில் லாங் என்றால் 4 பைட். 64 பிட் விண்டோஸிலும் 4தான். 64 பிட் லினக்ஸில் அது 8 பைட். அதோடு இன்ட்டின் 4 பைட்டையும் சேர்த்தால் 12 ஆகிறது. ஆனால் கம்பைலர் பின்னால் 4 பைட் வெற்றிடம் விட்டு 16 ஆக்கிவிடும். ஆகவே அங்கே 8 பைட்டாக எழுதிய பதிவை இங்கே 16 பைட்டாகப் படித்தது. இரண்டு தோலை ஒன்றாக்கி, ஒன்றின் பரப்பை இன்னொன்றின் லாட் எண்ணோடு ஒட்டிக் காட்டியது. கல்லூரி லேபில் இன்ட் 2 பைட் என்று பரீட்சைக்கு எழுதினோம். வெளியே வந்தால் 4. இப்போது லாங் இரண்டு விதம். அளவைக் கம்பைலரின் இஷ்டத்துக்கு விடக்கூடாது. சி மொழியின் 1999 தரமான சி99இலேயே அதற்கு வழி வந்துவிட்டது. இரண்டையும் எங்கேயும் 4 பைட்டாகவே இருக்கும் 'இன்ட்32' வகைக்கு மாற்றினேன். எழுதும்போது பைட் பைட்டாக நானே வரிசைப்படுத்தி எழுதும்படியும் செய்தேன். 40 தோலும் சரியாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி சென்னையிலிருந்து வந்திருந்தான். அவனிடம் மேக்புக் இருக்கிறது. "அக்கா, இதுலயும் போட்டுப் பாரேன், சும்மாதானே கிடக்குது" என்றான். ராணிப்பேட்டையில் யாரும் மேக்புக்கில் தோல் அளக்கப் போவதில்லை. ஆனாலும் போட்டுப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஒரு கம்பைலர் விட்டதை இன்னொன்று பிடிக்கும். அதில் லினக்ஸின் வழக்கமான கம்பைலரான ஜிசிசியின் பெயரை அடித்தால் உண்மையில் வருவது கிளாங் என்ற வேறொரு கம்பைலர். அது என் நிரலை உள்ளே விடவே இல்லை. நினைவகத்தில் இடம் வாங்கி அதன் முகவரியைத் தரும் மால்லாக்கை அழைத்திருந்தேன், அதை அறிவிக்கும் தலைப்புக் கோப்பைச் சேர்க்க மறந்திருந்தேன். உபுண்டுவில் அது வெறும் எச்சரிக்கையாக ஓடிப்போனது, நான் பார்க்கவில்லை. அறிவிப்பு இல்லாத செயற்கூறு இன்ட் தரும் என்று பழைய சி நினைத்துக்கொள்ளும். 64 பிட் கம்ப்யூட்டரில் முகவரி 8 பைட், இன்ட் 4 பைட். பாதி முகவரி காணாமல் போகலாம். கிளாங் அதைப் பிழை என்றே நிறுத்தியது. 2024 மே மாதம் வந்த ஜிசிசி 14உம் இதைப் பிழையாக்கிவிட்டது. பழைய நிரல்கள் வைத்திருப்பவர்கள் முனகுகிறார்கள். எனக்கு இது நல்ல காரியம் என்றே படுகிறது.

சீரியல் கேபிளையும் அதில் சோதித்தோம். அதே கேபிள், அதே எண்கள். விண்டோஸில் அது 'காம்3', லினக்ஸில் 'டிடிஒய்யூஎஸ்பி0', மேக்புக்கில் 'சியூ' என்று தொடங்கும் ஒரு நீளப் பெயர். லினக்ஸில் டயல்அவுட் குழுவில் நம்மைச் சேர்க்காவிட்டால் அனுமதி இல்லை என்று சொல்லிவிடும். சேர்த்த பிறகு ஒருமுறை வெளியேறி உள்ளே வர வேண்டும். அது தெரியாமல் ஒரு மணி நேரம் கேபிளைச் சந்தேகப்பட்டேன்.

அப்புறம் பை. அதிலேயே ஜிசிசியை நிறுவி, அதிலேயே கம்பைல் செய்தேன். நாலாயிரம் வரிதானே, டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. எச்சரிக்கை எதுவும் இல்லை. அதே 40 தோல் கோப்பைக் கொடுத்தேன், சரியாகப் படித்தது, சீட்டு சரியாக வந்தது. ராத்திரி பத்தரை இருக்கும். 'நாள் முடிவு' மட்டும் பாக்கி. பென் டிரைவுக்குப் பதிலாக அதன் மெமரி கார்டிலேயே பிரதி எடுக்கச் சொல்லி அழுத்தினேன். திரை அப்படியே நின்றது. கரண்ட் வேறு இரண்டு முறை போய் வந்த நாள், களைப்பு. காலையில் பார்ப்போம் என்று படுத்துவிட்டேன்.

காலையில் தொட்டால் டப்பா கொதித்தது. நிரல் இன்னும் முடியவில்லை. கார்டு 16 ஜிபி, அதில் ஒரு பைட் இடம் மீதி இல்லை. 320 பைட் கோப்பைப் பிரதி எடுக்கச் சொன்னதற்கு, கார்டில் இருந்த காலி இடம் மொத்தத்தையும் ஒரே கோப்பு பிடித்திருந்தது.

கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ்டம்ப் போட்டேன். மேலே இருபது வரி, என் 40 தோலும் ஒழுங்காக இருந்தன. அதற்குக் கீழே ஒரு வரி முழுக்க எஃப்எஃப், எஃப்எஃப், எஃப்எஃப். அதற்கும் கீழே ஒரே ஒரு நட்சத்திரக் குறி. 'இதற்குப் பிறகு எல்லாம் இதேதான்' என்று அதற்கு அர்த்தம். உண்மையான தரவு முடிந்த இடத்திலிருந்து ராத்திரி முழுக்க எஃப்எஃப், அதாவது 255 என்ற ஒரே பைட்டை எழுதித் தள்ளியிருக்கிறது.

பிரதி எடுக்கும் பகுதி ஐந்தே வரி. ஒரு பைட் படி, கோப்பு முடிவுக் குறியா என்று பார், இல்லையென்றால் எழுது, திரும்பப் போ. படித்த பைட்டை வைக்கும் மாறியை 'கேர்' என்ற ஒற்றை எழுத்து வகையாக அறிவித்திருந்தேன். எழுத்தைத்தானே படிக்கிறோம் என்று நினைத்த வயசு அது. ஆனால் கோப்பு முடிந்ததும், பைட்டைப் படிக்கும் செயற்கூறான எஃப்கெட்சி தருவது எழுத்து இல்லை, மைனஸ் 1 என்ற இன்ட். அதைக் கேருக்குள் திணித்தால் எஃப்எஃப் என்ற ஒற்றை பைட் ஆகும். இன்டெல் கம்ப்யூட்டரில் கேர் குறியுள்ள வகை, மைனஸ் எண்ணும் அதில் அடங்கும், ஆகவே திரும்ப எடுக்கும்போது மைனஸ் 1 ஆகவே வரும், ஒப்பீடு பொருந்தும், நிற்கும். பையில் இருப்பது ஏஆர்எம் சிப், ஏஆர்எம் லினக்ஸில் கேர் குறியில்லாத வகை. திரும்ப எடுத்தால் 255. அது மைனஸ் 1 ஆகவே ஆகாது. நிற்கவே நிற்காது. இரண்டையும் சி மொழி அனுமதிக்கிறது. கம்பைலர் எழுதுகிறவர்களின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறார்கள். தம்பியின் மேக்புக்கும் ஏஆர்எம் சிப்தான், ஆனால் ஆப்பிள் அங்கே கேரைக் குறியுள்ளதாகவே வைத்திருக்கிறது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை இது தெரியவில்லை.

இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. கம்பைல் கட்டளையில் 'கேர் குறியுள்ளது' என்று ஒரு கொடி சேர்த்தால் பை உடனே இன்டெல் போல நடந்துகொள்ளும். தேடினால் பலரும் அதைத்தான் சொல்கிறார்கள். நானும் கை வைக்கப் போனேன். அதற்குள் வேறொரு எண்ணம் வந்தது. முடிவுக் குறி கேருக்குள் போனால் எஃப்எஃப் ஆகிறது என்றால், தரவின் நடுவிலேயே ஒரு எஃப்எஃப் வந்தால் இன்டெல் கம்ப்யூட்டர் என்ன செய்யும்? கோப்பு முடிந்துவிட்டது என்றுதானே நினைக்கும்?

தரவின் நடுவே எஃப்எஃப் எப்படி வரும் என்று ஹெக்ஸ்டம்பையே திரும்பப் பார்த்தேன். பதினேழாவது பதிவு. லாட் 1042, பரப்பு இ6 எஃப்எஃப் எஃப்எஃப் எஃப்எஃப். கால் சதுர அடிகளாகப் படித்தால் மைனஸ் 26. அதாவது ஆறரை சதுர அடித் தோல் ஒன்றைத் திருப்பி எடுத்திருக்கிறார்கள். அளந்த பிறகு ஓட்டையோ வெட்டோ கண்ணில் பட்டால் அந்தத் தோலை லாட்டிலிருந்து கழிக்க வேண்டும். அதற்காக நானே மைனஸ் பதிவு வைத்திருந்தேன். இவ்வளவு சின்ன மைனஸ் எண் எதுவானாலும் அதன் பைட்டுகளில் எஃப்எஃப் இருக்கும்.

லேப்டாப்பில் அதே கோப்பைப் பிரதி எடுத்தேன். 320 பைட் உள்ளே போனது. 133 பைட் வெளியே வந்தது. பதினாறு தோல், பதினேழாவதின் லாட் எண், ஒரு இ6. அவ்வளவுதான். பாக்கி 23 தோல் இல்லை. பிழைச் செய்தி இல்லை. 'பிரதி முடிந்தது' என்று திரையில் வந்தது.

அப்போது எனக்கு 2011 நினைவுக்கு வந்தது.

அந்த வருஷம் ஆகஸ்டில் ரமலான். அளவு மிஷினில் அப்போது ஒரு பாய் இருந்தார், மேல்விஷாரத்துக்காரர். ஒவ்வொரு தோலையும் கையால் நீவி, சுருக்கம் எடுத்து, அப்புறம்தான் உருளைக்குள் விடுவார். மிஷின் சொன்ன எண்ணை ஒரு நோட்டிலும் எழுதுவார். நிரல் வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. ஒருநாள் அவர் நோட்டிலும் ஷெட்டில் அடித்த சீட்டிலும் 1112¼ சதுர அடி. ஆபீஸ் கம்ப்யூட்டரில் 874½. பாய் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். சீட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கலாம், கம்ப்யூட்டரில் ஏறியதுதான் கணக்கு என்றுவிட்டார்கள். நோன்பு நேரம், களைப்பில் எங்கோ இரட்டைப் பதிவு போட்டிருப்பார் என்று ஒரு பேச்சு. என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நான் போய் நிரலை ஓட்டிப் பார்த்தேன். இரண்டு தோல் அளந்து பிரதி எடுத்தேன், சரியாக இருந்தது. "பென் டிரைவ சீக்கிரமா பிடுங்கியிருப்பீங்க பாய்" என்றேன். "இல்லம்மா, முடிஞ்சதுன்னு வந்தப்புறம்தான் எடுத்தேன்" என்றார். அதற்கு மேல் அவர் வாதாடவில்லை. மூன்று மாசம் அவரை மிஷினிலிருந்து எடுத்துத் தோல் அடுக்கும் இடத்தில் போட்டார்கள். அப்புறம் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள், அவரைப் போல நீவி விட வேறு ஆள் இல்லை.

கேரை இன்ட் ஆக்கினேன். ஒரே ஒரு சொல். பையில் நின்றது, லேப்டாப்பில் 320க்கு 320 வந்தது. குறுக்கு வழிக் கொடியைப் போட்டிருந்தால் பை நின்றிருக்கும், நானும் ஷெட்டில் மாட்டிவிட்டு வந்திருப்பேன், 23 தோல் தொலைவது தொலைந்துகொண்டேதான் இருந்திருக்கும். அதனால் அந்தக் கொடியை யார் சொன்னாலும் போடாதீர்கள். அதன் எதிர்க்கொடி ஒன்று இருக்கிறது, கேரைக் குறியில்லாததாக்குவது. இப்போது லேப்டாப்பில் ஒவ்வொரு முறையும் சாதாரணமாக ஒன்று, அந்தக் கொடியோடு ஒன்று என்று இரண்டு பில்ட் எடுத்து, இரண்டிலும் எல்லாச் சோதனையையும் ஓட்டுகிறேன். எச்சரிக்கைகளைக் கூடுதலாகக் கேட்டால், அந்த இரண்டாவது பில்டில் 'இந்த ஒப்பீடு எப்போதும் உண்மைதான்' என்று ஜிசிசியே சொல்கிறது. 2007இலேயே இந்தக் கொடி இருந்தது.

அன்று வேறு வேலை ஓடவில்லை. பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்த எல்லா நாள் கோப்பையும் ஒரு சின்ன நிரல் வைத்துச் சல்லடை போட்டேன். நடுவில் எஃப்எஃப் இருக்கும் நாட்களை மட்டும் தேதியோடு காட்டச் சொன்னேன். 61 நாள் வந்தது. பாதிக்கு மேல் ஐந்தும் பத்தும் சதுர அடிதான் விட்டுப்போயிருந்தது, சாயந்திரம் கழித்த தோல்கள். யாரும் கவனிக்காமல் விட்டிருப்பார்கள். பட்டியலில் 2011 ஆகஸ்டின் அந்தத் தேதியும் இருந்தது. ஷெட்டில் இருந்த மூலக் கோப்பைக் கூட்டினேன். 1112¼.

சில நாட்களில் மைனஸ் பதிவே இல்லை, ஆனாலும் பட்டியலில் இருந்தன. கொஞ்ச நேரம் புரியவில்லை. அப்புறம் லாட் எண்களைப் பார்த்தேன். 1023, 1279, 1535. எல்லாம் 256இன் மடங்குக்கு ஒன்று குறைவு, அவற்றின் கடைசி பைட் எஃப்எஃப். ஒவ்வொரு ஏப்ரலிலும் லாட் எண் 1001இலிருந்து தொடங்கும். ஆகவே வருஷா வருஷம் இந்த எண்கள் வரும்போதெல்லாம் அந்த லாட்டின் முதல் தோலிலேயே பிரதி அறுந்திருக்கிறது.

மீதி வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆபீஸ் நிரலை விண்டோஸ் 10இல், அங்கே ஜிசிசியைத் தரும் எம்சிஸ்2 வைத்துத் திரும்ப பில்ட் செய்தேன். என் கையில் ஓடியது, ஆபீஸ் கம்ப்யூட்டரில் டிஎல்எல் என்ற நூலகக் கோப்பு இல்லை என்றது. எம்சிஸ்2 முனையத்துக்குள் ஓட்டும்போது அவை தானாகக் கிடைத்துவிடும், வெளியே கிடைக்காது. நூலகங்களையும் நிரலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டும்படி மாற்றினேன். கோப்பை இரும முறையில் திறப்பதில் மட்டும் 2007இலேயே சூடு பட்டிருந்தேன். விண்டோஸ் உரை முறையில் திறந்தால் 26 என்ற பைட்டைக் கோப்பின் முடிவாக எடுத்துக்கொள்ளும். கால் சதுர அடிக் கணக்கில் 26 என்றால் ஆறரை சதுர அடி. ஆட்டுத் தோலில் அது சாதாரண அளவு. முதல் வாரமே தெரிந்துவிட்டது, சரிசெய்துவிட்டேன். அடிக்கடி வரும் பிழை அப்படிச் சீக்கிரம் பிடிபட்டது. எப்போதாவது வருவது பதினேழு வருஷம் ஒளிந்திருந்தது.

பேரணாம்பட்டில் இன்னொரு சின்ன யூனிட்டும் கேட்டார்கள். அங்கே உபுண்டு 20.04. என் லேப்டாப்பில் 22.04. இங்கே கம்பைல் செய்ததை அங்கே கொண்டுபோய் ஓட்டினால், லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சி 2.34 இல்லை என்று நின்றது. பழைய கம்ப்யூட்டரில் பில்ட் செய்தது புதியதில் ஓடும், புதியதில் செய்தது பழையதில் ஓடாது. மூலநிரலைக் கொண்டுபோய் அங்கேயே மேக் அடித்தேன்.

பையைச் சுவரில் மாட்டிய அன்றைக்கே முதலாளியிடம் 61 நாள் பட்டியலைக் கொடுத்து, காரணம் என் நிரல்தான் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். ஆகஸ்ட் தேதியில் விரலை வைத்து, "பாயிக்கு சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டார். அன்று சாயந்திரமே மேல்விஷாரத்துக்குப் போனேன்.

பாய் ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆகிறது. வாசலில் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார். பேத்தி உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டு வந்தாள். நான் லேப்டாப்பைத் திறக்காமலே சொன்னேன். "பாய், 2011ல நோன்பு மாசத்துல கணக்கு குறைஞ்சதே, அது உங்க தப்பு இல்ல. பென் டிரைவும் இல்ல. என் ப்ரோக்ராம்ல இருந்த தப்பு. இப்பதான் தெரிஞ்சது."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பேத்தியிடம் பரணில் இருக்கும் அட்டைப்பெட்டியை எடுக்கச் சொன்னார். வருஷ வாரியாக நூல் போட்டுக் கட்டிய நோட்டுகள். 2011ஐ அவரே பிரித்தார். அந்தத் தேதியில் அடியில் இரட்டைக் கோடு போட்டிருந்தது.

"ஆயிரத்து நூத்தி பன்னெண்டே கால்" என்று படித்தார்.

"ஆமா பாய். ஆயிரத்து நூத்தி பன்னெண்டே கால்."

"நடுவுல ஒரு தோலைக் கழிச்சேன், அப்பவும் சொன்னேன். அதுக்கப்புறம் அளந்ததெல்லாம் இப்ப வருதா?"

"கடைசித் தோல் வரைக்கும் வருது."

தலையை ஆட்டினார். டீ வந்தது, குடித்தோம். கிளம்பும்போது, "அந்த நாளு சீட்டு ஒண்ணு அடிச்சுக் குடுக்க முடியுமாம்மா? நோட்டுலயே வெச்சுக்கறேன்" என்றார்.

மறுநாள் ராணிப்பேட்டையில் பையிலிருந்து அந்தக் கோப்பைத் திறந்து சீட்டு அடித்தேன். எண் சரியாக வந்தது. தலைப்பில் மட்டும் 'ராணிப்பேட்டை மாவட்டம்' என்று இருந்தது. அன்றைக்கு அது வேலூர் மாவட்டம். அந்த ஒரு சீட்டுக்காகத் தலைப்பைப் பழையபடி மாற்றி, இன்னொரு முறை மேக் அடித்தேன்.